கருப்பும் வெளுப்பும்: கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரின் கலைவாழ்வு

வண்ணங்கள் கண்ணைக் கவரும் ஆற்றல் உடையன. வானவில்லின் எழிலையும் மலர்ச்சோலையின் பொலிவையும் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், வண்ணம் ஏதுமின்றிக் கரிய மையையும் வெள்ளைத் தாளையும் மட்டுமே துணையாகக் கொண்டு மனித நெஞ்சத்தை உலுக்கிய கலைஞர்களும் உலகில் தோன்றியிருக்கின்றனர். அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜெர்மன் நாட்டுப் பெருமகளாகிய கேத்தே கோல்விட்ஸ் அம்மையார். ஏறத்தாழ 275 அச்சு ஓவியங்களை ஆக்கியளித்த இவ்வம்மையாரின் வரலாறு, எளிமை என்னும் பண்பு கலையில் எவ்வாறு கைகூடுகிறது என்பதை நமக்கு விளக்கவல்லது. அவ்வெளிமைக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது. அதனையே இக்கட்டுரையில் காண விழைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

கேத்தே அம்மையார் 1867ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று கலினின்கிராட் என்னும் பெயருடன் ரஷ்ய நாட்டில் உள்ளது. தந்தையார் கார்ல் ஷ்மிட் சட்டம் பயின்றவர். பிரஷ்ய அரசின் போக்கோடு தம் கொள்கை ஒத்துவராமையால் அரசுப் பணியை நாடாது, கட்டடத் தொழிலை மேற்கொண்டு வாழ்ந்தார். தாய்வழிப் பாட்டனார் ஜூலியஸ் ரூப் மனச்சான்றின் வழி நின்று, அரசு சார்ந்த திருச்சபையினின்று விலகித் தனிச்சபை கண்டவர். பதவியினும் கொள்கையே பெரிது என்னும் பாடத்தை இக்குழந்தை வீட்டிலேயே கற்றது எனலாம்.

மகளின் ஓவியத் திறனை இளமையிலேயே உணர்ந்த தந்தையார், ருடால்ஃப் மௌவர் என்னும் செதுக்கோவியரிடம் பயிற்சிக்கு அனுப்பினார். அக்காலத்தில் ஜெர்மன் நாட்டின் அரசுக் கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. ஆகவே அம்மையார் பெர்லினிலும் மூனிச்சிலும் இருந்த மகளிர் கலைப்பள்ளிகளில் பயின்றார். வண்ண ஓவியராக வேண்டும் என்பதே தொடக்கத்தில் அவர்தம் நோக்கமாக இருந்தது. பெர்லினில் ஆசிரியராக வாய்த்த கார்ல் ஷ்டௌஃபர்-பெர்ன் என்பார் மாணவியின் கோட்டுத் திறனைக் கண்டு அவ்வழியில் ஊக்கினார். மாக்ஸ் கிளிங்கர் என்னும் கலைஞர் எழுதிய நூலொன்றும் அம்மையாருக்குப் புதுவழி காட்டிற்று. வாழ்வின் இருண்ட பகுதிகளைச் சொல்வதற்குக் கருப்பு வெள்ளைக் கலையே ஏற்றது என்பது அந்நூலின் கருத்து. அது அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1890ஆம் ஆண்டையொட்டி அவர் தூரிகையை விடுத்து அச்சுக்கலையின்பால் திரும்பினார்.

மருத்துவர் இல்லத்து மாதரசி

1891ஆம் ஆண்டில் கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்து பெர்லின் நகரில் குடியேறினார். உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த வடபகுதியில் அமைந்தது அவர்கள் இல்லம். கணவர் ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் புரிந்தார். நோயோடும் பசியோடும் பிள்ளைகளை இடுப்பில் சுமந்துவரும் தாயரை அம்மையார் நாள்தோறும் கண்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வீட்டிலேயே வாழ்ந்தார். அவர் வரைந்த முகங்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் அவர் கண்டு பழகிய முகங்களே. 1892இல் ஹான்ஸ் என்னும் மூத்த மகனும் 1896இல் பீட்டர் என்னும் இளைய மகனும் பிறந்தனர்.

1893ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கெர்ஹார்ட் ஹௌப்ட்மான் எழுதிய ‘நெசவாளர்’ என்னும் நாடகத்தைக் காணும் வாய்ப்பு அம்மையாருக்குக் கிட்டிற்று. சைலீசியா நாட்டு நெசவாளர் வறுமை தாளாது 1844இல் கிளர்ந்தெழுந்த வரலாறு அது. பொதுமேடையில் ஆடக்கூடாது என்று காவல்துறை தடுத்திருந்தமையால், தனிச்சங்கம் ஒன்றின் அரங்கில் அந்நாடகம் நடந்தது. அதனைக் கண்ட அம்மையார், கையிலிருந்த வேறு பணியை நிறுத்திவிட்டு, நெசவாளர் கிளர்ச்சியை ஆறு ஏடுகளாக ஆக்கும் முயற்சியில் இறங்கினார். நான்காண்டு உழைப்பில் அவை நிறைவுற்றன. மூன்று கல்லச்சில் அமைந்தன. மூன்று உலோகத் தகட்டில் அமைந்தன.

1898ஆம் ஆண்டு பெர்லின் பெருங்கலைக் காட்சியில் அவ்வேடுகள் வைக்கப்பட்டன. முதுபெருங் கலைஞர் அடால்ஃப் மென்ஸெல் உள்ளிட்ட நடுவர் குழுவினர் பொற்பதக்கத்திற்குப் பரிந்துரைத்தனர். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதனை மறுத்துவிட்டார். எனினும் அடுத்த ஆண்டிலேயே ட்ரெஸ்டன் நகரம் அப்படைப்புக்குப் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது. 1906இல், வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்போர் பற்றிய கண்காட்சிக்காக அம்மையார் ஆக்கிய சுவரொட்டியில் களைத்துச் சோர்ந்த பெண்ணொருத்தியின் முகம் இருந்தது. அதனை அகற்றினாலன்றிக் காட்சிக்கு வரமாட்டேன் என்றார் பேரரசியார். வண்ணமற்ற ஒரு தாள் அரண்மனைக்கு இத்துணை உறுத்தலாக இருந்ததென்றால் அதன் ஆற்றலை என்னென்பது!

மூவகை அச்சுமுறை

அம்மையாரின் வளர்ச்சியை உணர்ந்துகொள்ள அச்சுமுறைகளைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். உலோகத் தகட்டு முறையில், மெழுகு பூசிய செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின்மேல் ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை தங்கித் தாளில் பதியும். மயிரிழை போன்ற கோடுகளும் நுண்ணிய நிழல்களும் இம்முறையில் கைவரும். கல்லச்சில், சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புச் சேர்ந்த கோலால் வரைவர். நீரும் எண்ணெயும் ஒன்றையொன்று ஏலாமையால், வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். மரச்செதுக்கு முறையோ இவ்விரண்டினும் பழமையானது. பலகையில் வெண்மையாக இருக்கவேண்டிய இடங்களை உளியால் அகழ்ந்து நீக்கிவிட்டு, எஞ்சிய மேட்டில் மை தடவி அச்சிடுவர். இதில் சாம்பல் நிறத்திற்கு இடம் அரிது. வெட்டினால் வெளுப்பு, விட்டால் கருப்பு. ஒருமுறை செதுக்கிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது. எதனை நீக்குவது, எதனை நிறுத்துவது என்று முன்னரே தெளிந்தவர்க்கே இக்கருவி பணியும்.

1902 முதல் 1908 வரை அம்மையார் ஆக்கிய ‘உழவர் போர்’ என்னும் ஏழு ஏடுகள் தகட்டு முறையின் உச்சத்தைத் தொட்டவை. பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மன் உழவர் எழுச்சியே அதன் பொருள். அதில் வரும் ‘பாய்ச்சல்’ என்னும் ஏட்டிற்காக ஊசிக்கீறலோடு அமைந்துவிடாது, துணியைத் தகட்டின்மேல் அழுத்தி அதன் இழைத்தடத்தையும் பதியவைத்தார். கைகளை உயர்த்திக் கூட்டத்தை ஏவும் கிழவியின் முதுகு மட்டுமே நமக்குத் தெரிகின்றது. அவ்வளவில் அவள் சினம் முழுதும் விளங்குகின்றது. தொழில்நுட்பத்தில் அவருக்கு எட்டாதது எதுவும் இல்லை என்பதனை இவ்வேடுகள் மெய்ப்பித்தன. பின்னாளில் அவர் எளிமையை நாடியது இயலாமையால் அன்று என்பதற்கு இதுவே சான்று.

இத்தொகுதியில் ‘போர்க்களம்’ என்னும் ஏடும் உண்டு. இரவில் ஒரு தாய் கையில் விளக்கேந்திப் பிணங்களிடையே தன் மகனைத் தேடுகின்றாள். ஓர் இளைஞனின் முகத்தை அவள் முதிர்ந்த கை தொடும் இடத்தில் மட்டுமே ஒளி விழுகின்றது. ஏனைய யாவும் இருள். இதற்கு முன்னரே 1903இல், இறந்த குழந்தையை அணைத்துக் கிடக்கும் தாயொருத்தியைத் தகட்டில் ஆக்கியிருந்தார். அதற்கு ஏழு வயதுப் பீட்டரை மடியிற் கிடத்திக்கொண்டு, கண்ணாடியில் தம்மையே நோக்கி வரைந்தார். வரவிருந்த துயரை அன்று யார் அறிவார்?

மகனை இழந்த தாய்

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. நாடெங்கும் இளைஞர் ஆர்வம் பொங்கப் படையிற் சேர்ந்தனர். பதினெட்டு வயதுப் பீட்டரும் செல்ல விழைந்தான். உரிய வயது நிரம்பாமையால் தந்தையின் இசைவு வேண்டியிருந்தது. தந்தையோ இசையவில்லை. மகன் தாயை நோக்கினான். தாய் கணவரிடம் மகனுக்காகப் பரிந்து பேசினார். தந்தை இணங்கினார். அக்டோபர்த் திங்களில் பெல்ஜியம் நாட்டு டிக்ஸ்முய்டே அருகில் பீட்டர் மாண்டான். களம் நோக்கிப் புறப்பட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன.

இழப்பின் துயரோடு, அனுமதி வாங்கித் தந்தது தாமே என்னும் எண்ணமும் அம்மையாரை வாழ்நாள் முழுதும் அரித்தது. மகனுக்கு நினைவுச்சின்னம் ஒன்றைச் சிலையாக வடிக்கத் தொடங்கினார், மனம் நிறைவுறாது கைவிட்டார், மீண்டும் தொடங்கினார். 1918 அக்டோபரில், தோல்வியின் விளிம்பில் இன்னும் தொண்டர்களைக் களத்திற்கு அழைத்த கவிஞர் ரிச்சர்டு டெமலுக்கு நாளிதழ் வாயிலாக வெளிப்படையாக மறுப்பு எழுதினார். இளைஞரைக் களத்திற்கு அனுப்பிய தாயே இனி எவரையும் அனுப்பாதீர் என்று எழுந்து நின்றமை எண்ணியெண்ணிப் போற்றத்தக்கது.

உளி பேசிய மொழி

1919ஆம் ஆண்டில் பிரஷ்யக் கலைக்கழகம் அம்மையாரை உறுப்பினராகத் தேர்ந்து பேராசிரியர் என்னும் பட்டமும் அளித்தது. அக்கழகத்திற்குத் தேர்வு பெற்ற முதற்பெண்மணி அவரே. அவ்வாண்டு ஜனவரியில் இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் கொல்லப்பட்டார். அவர்தம் குடும்பத்தார் அழைக்கவே, பிணவறைக்குச் சென்று அம்மையார் அவர் முகத்தை வரைந்தார். அக்கட்சியின் கொள்கையை ஏற்றவர் அல்லர் அம்மையார். தலைவனை இழந்து வரிசையாக வந்த தொழிலாளரின் துயரமே அவரை ஈர்த்தது. அதனை முதலில் தகட்டில் முயன்றார். பின்னர்க் கல்லச்சில் முயன்றார். இரண்டும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1920இல் பெர்லின் காட்சியொன்றில் எர்ன்ஸ்ட் பார்லாக் என்பாரின் மரச்செதுக்கு ஏடுகளைக் கண்டார். தாம் தேடிய மொழி அதுவே என உணர்ந்தார். ஐம்பதைக் கடந்த அகவையில், அதுவரை தேர்ந்திருந்த நுட்பங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, உளியும் பலகையுமாகப் புதுமாணவி போல் அமர்ந்தார். லீப்க்னெக்ட் நினைவேடு மரத்தில் உருவாயிற்று. குனிந்த தலைகளும், மாண்டவர்மேல் பதிந்த தொழிலாளியின் கனத்த கையும் அன்றி அதில் அணி ஏதும் இல்லை.

அடுத்து வந்தது ‘போர்’ என்னும் ஏழு மரச்செதுக்கு ஏடுகள். 1921, 1922 ஆண்டுகளில் செதுக்கப்பெற்று 1923இல் வெளிவந்தன. பலி, தொண்டர்கள், பெற்றோர், கைம்பெண் இரண்டு, தாய்மார், மக்கள் என்பன அவற்றின் பொருள்கள். பெயரோ போர்; ஆயின் பீரங்கி இல்லை, பதுங்குகுழி இல்லை, பகைவனும் இல்லை. ஓர் ஏட்டில் மட்டும் இளைஞர் தோன்றுகின்றனர். மரணம் பறை முழக்கி முன் செல்ல, மயக்குற்றோர் போல அவர்கள் பின் செல்கின்றனர். மரணத்தை அடுத்து நிற்பவன் பீட்டர். ஏனைய ஏடுகளில் வீட்டில் எஞ்சியோரே உளர்.

‘பெற்றோர்’ என்னும் ஏட்டைச் சற்று நின்று நோக்குவோம். மண்டியிட்ட தந்தையும் தாயும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கரிய குன்றாகிவிட்டனர். எங்கே ஒருவர் முடிகிறார், எங்கே மற்றவர் தொடங்குகிறார் என்பதே தெரியவில்லை. தந்தையின் கை தன் முகத்தை மூடியிருக்கின்றது. தாயின் முகமும் நமக்குக் காட்டப்படவில்லை. கண்ணீரைக் காட்டாமலே கண்ணீரை வரவழைக்கும் திறன் இதுவன்றோ! ‘தாய்மார்’ என்னும் ஏட்டிலோ பெண்கள் பலர் கைகோத்து நெருங்கிக் கோட்டை போல் நிற்கின்றனர். இடுக்குகளில் குழந்தைகளின் முகங்கள் எட்டிப் பார்க்கின்றன.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயன் தரும். ஆட்டோ டிக்ஸ் என்னும் ஜெர்மன் ஓவியர் அகழிகளில் நின்று போரிட்டவர். அவரும் 1924இல் ‘போர்’ என்னும் பெயராலேயே ஐம்பது தகட்டு ஏடுகளை வெளியிட்டார். அழுகிய உடலையும் சிதைந்த முகத்தையும் நுணுக்கமாக அவை காட்டும். அவையும் உயர்ந்த கலையே. டிக்ஸ் தாம் கண்டதைச் சான்றுரைத்தார். அம்மையாரோ களத்தைக் காணாதவர். தாம் இழந்ததையே செதுக்கினார். அதனால்தான் அவருக்கு விரிவு வேண்டியிருக்கவில்லை. எந்நாட்டுச் சீருடை என்பதும் அவர் ஏடுகளில் இல்லை. வென்ற நாட்டுத் தாயும் தோற்ற நாட்டுத் தாயும் தம் முகத்தையே அதில் காண இயலும்.

மக்களுக்கு உரிய கலை

ஒரு பலகையிலிருந்தோ கல்லிலிருந்தோ பல படிகள் எடுக்கலாம். செல்வர் மாளிகையில் ஒற்றை ஓவியமாகத் தொங்குவதினும், பலர் கைக்கும் தெருச் சுவருக்கும் சென்று சேர்வதே தம் கலைக்குத் தகும் என அம்மையார் கருதினார். 1921இல் ரஷ்யப் பஞ்சத்திற்கு உதவி கோரிச் சுவரொட்டி ஆக்கினார். வெறுங்கிண்ணங்களை ஏந்தி அண்ணாந்து நோக்கும் ஜெர்மன் குழந்தைகளைக் கல்லச்சில் வரைந்தார். 1924இல், இனிப் போர் வேண்டா என்று கையுயர்த்தி முழங்கும் இளைஞரின் உருவைச் சுவரொட்டியாக்கினார். 1925இல் வேலையின்மை, பசி, குழந்தைச் சாவு ஆகிய மூன்றையும் மூன்று மரச்செதுக்கு ஏடுகளாக்கினார்.

மகனுக்கான நினைவுச்சின்னமும் 1932இல் நிறைவெய்தியது. தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. மகனின் உருவை நீக்கிவிட்டு, மண்டியிட்ட தாயும் தந்தையுமாக இரண்டு கற்சிலைகளையே இறுதியில் நிறுவினார். அவை இன்று பெல்ஜியம் நாட்டு ஃப்ளாட்ஸ்லோ கல்லறைத் தோட்டத்தில் உள்ளன. சிலையிலும் அவர் கற்ற பாடம் ஒன்றே: நீக்க நீக்கவே பொருள் மிகும்.

அடக்குமுறையும் முடிவும்

1933இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. நாஜிகளை எதிர்க்க இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்னும் அறிக்கையில் ஒப்பமிட்டமைக்காக, அம்மையார் கலைக்கழகத்தினின்று விலகுமாறு செய்யப்பட்டார். அச்சுக்கலைப் பிரிவின் தலைமைப் பொறுப்பும் பறிபோயிற்று. 1936இல் ரகசியக் காவல்துறையினர் வீட்டிற்கு வந்து வினவி அச்சுறுத்தினர். அவ்வாண்டில் அவருடைய படைப்புகள் கண்காட்சியினின்று அகற்றப்பட்டன. ஆயினும் அவர் நாட்டை விட்டு வெளியேறவில்லை. மரணம் பற்றிய எட்டுக் கல்லச்சு ஏடுகளை அக்காலத்திலேயே ஆக்கினார்.

1940இல் கணவர் மறைந்தார். 1942இல், மாண்ட மகனின் பெயரையே தாங்கிய பேரன் பீட்டரும் ரஷ்யப் போர்முனையில் உயிர்நீத்தான். அக்காலத்தில் அவர் ஆக்கிய இறுதிக் கல்லச்சு ஏட்டில் ஒரு தாய் மூன்று சிறுவரைத் தன் கைகளின் கீழ் அடக்கிக் காக்கின்றாள். விதைக்கென வைத்த தானியத்தை மாவாக அரைத்துவிடலாகாது என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டார். 1943இல் குண்டுவீச்சில் பெர்லின் இல்லம் எரிந்தழிந்தது. ட்ரெஸ்டன் அருகேயுள்ள மோரிட்ஸ்பர்க்கில் 1945 ஏப்ரல் 22ஆம் நாள் அம்மையார் கண்மூடினார். இன்னும் பதினாறு நாள் கழித்தே ஐரோப்பாவில் போர் ஓய்ந்தது. அவ்வமைதியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

எல்லை கடந்த புகழ்

அம்மையார் வாழ்ந்த காலத்திலேயே அவர்தம் கலை ஆசியாவை எட்டிற்று. சீன எழுத்தாளர் லூ சுன், தம் இளம் நண்பராகிய எழுத்தாளர் கொல்லப்பட்டபோது, அவர் நினைவாக 1931இல் ‘பலி’ ஏட்டை இதழில் வெளியிட்டார். 1936இல் அம்மையாரின் ஏடுகளைத் தொகுத்தும் பதிப்பித்தார். சீன இளங்கலைஞர்களின் மரச்செதுக்கு இயக்கத்திற்கு அவை வழிகாட்டின. நம் நாட்டில் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் கண்டு வரைந்த சோம்நாத் ஹோர், சித்தபிரசாத் ஆகியோரின் கருப்பு வெள்ளைப் படைப்புகளிலும் அம்மையாரின் சாயலை ஆய்வாளர் காண்பர். 1993இல் பெர்லின் நகரின் ‘நோய வாக்க’ நினைவு மண்டபத்தில், இறந்த மகனை மடியில் தாங்கிய தாயின் உருவமாக அவர் வடித்த சிறுசிலை பேருருவாக்கி நிறுவப்பட்டது.

கற்கும் பாடம்

இத்தகைய ஏடுகளைக் காணும்போது மாணவர்கள் மூன்றினை உளங்கொள்ளுதல் நலம். முதலில், கருப்பு எவ்விடத்தில் திரண்டிருக்கிறது என்று நோக்குக. படைப்பின் பாரம் அங்கே இருக்கும். அடுத்து, உளி எவ்விடத்தில் வெளுப்பைத் திறந்திருக்கிறது என்று காண்க. அம்மையாரின் ஏடுகளில் அது பெரும்பாலும் ஒரு முகமாகவோ கையாகவோ இருக்கும். மூன்றாவதாக, அங்கே இல்லாதது எது என்று வினவுக. அறையில்லை, வானமில்லை, அணியில்லை. இருந்திருந்தால் நம் கண் அவற்றின்மேல் சென்று, துயருற்ற மனிதரை விட்டு விலகியிருக்கும்.

அம்மையாரின் கலையில் துயரமே மிகுதி, மகிழ்ச்சிக்கு இடமில்லை என்று குறை கூறுவாரும் உளர். அவர் படைப்பில் குழந்தையைக் கொஞ்சும் தாயரும் உண்டு என்பதனை அவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். அத்தாயின் சிரிப்பைக் காக்க விழைந்தவர் என்பதனாலேயே அதனைப் பறிப்பவற்றை அவர் ஓயாது காட்டினார்.

எளிமை வேறு, எளிது வேறு. சொல்லுதற்கு ஒன்றுமின்றிச் சுருங்குவது வறுமையே அன்றி எளிமை ஆகாது. நிரம்பக் கற்று, நிரம்ப நொந்து, தேவையற்றதைத் தன் கையாலேயே நீக்கும் துணிவு பெற்ற பின் எஞ்சுவதே எளிமை. இலக்கியம் பயிலும் நமக்கும், பேச்சிலும் எழுத்திலும் அணிகளை அடுக்க விழையும்போதெல்லாம், வெட்டிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது என்றறிந்தும் அஞ்சாது உளியை ஏந்திய அந்த முதிய கை நினைவுக்கு வருமாக. போரும் பசியும் உலகினின்று நீங்காத வரையில் அம்மையாரின் கரிய ஏடுகளுக்கும் வேலை உண்டு. அவற்றுக்கு வேலையில்லாத நாள் விரைவில் வரவேண்டும் என்பதே அவர் விரும்பியது. நாம் விரும்புவதும் அதுவே.